பிரித்து வைத்த ஜோடி

துபாய் தேராவில் நைஃப் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்குப் பூட்டுக்கடை. பெயர் செய்கு அலாவுதீன், ஊர் கீழக்கரை. பூட்டு வாங்க வருகிறவனின் முகத்தைப் பார்த்தாலே அவன் சங்கதி எனக்குத் தெரிந்துவிடும். ஊருக்குப் போகிறவன் பெட்டிப் பூட்டு கேட்பான். கேம்ப்புக்குப் புதிதாக வந்தவன் அலமாரிப் பூட்டு கேட்பான். ரூம் மாறுகிறவன் துருப்பிடித்த பழைய பூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இதற்கு இன்னொரு சாவி செய்து தர முடியுமா பாய் என்று என் உயிரை வாங்குவான். சோலையப்பன் இந்தக் கணக்கு எதிலும் சேராத ஆள். முதல் தடவை கடைக்கு வந்தபோது தலைக்கு மேல் கையைத் தூக்கி உயரம் காட்டி, “இம்புட்டு ஒசரக் கட்டை பாய். ரெண்டு ரெண்டா இருக்கும். அதப் பூட்டணும்” என்றார்.

“கட்டைய எதுக்குய்யா பூட்டணும்? மரக்கடையிலயா வேலை?”

“இல்ல பாய். ஐஸ்ல சறுக்குற கட்டை. வெள்ளைக்காரன் கால்ல மாட்டிக்கிட்டு வழுக்கிட்டுப் போவானே, அது.”

வெளியே ஜூன் மாத வெயில். ரோட்டில் நடந்தால் செருப்பு தாரில் ஒட்டுகிறது. இந்த மனுஷன் ஐஸ் என்கிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “நெசமாத்தான் பாய். அங்க சொட்டர் போட்டுக்கிட்டுத்தான் வேலை பாக்குறேன்” என்று, கையில் சுருட்டி வைத்திருந்த கம்பளி ஜாக்கெட்டை எடுத்துக் காட்டினார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். துபாயில் கடைத்தொகுதிக்குள்ளேயே பனிமலை கட்டிச் சறுக்க விட்டதும் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து இன்னொரு பணக்காரருக்கும் ஆசை வந்து, கிசைஸ் தாண்டி ஷார்ஜா எல்லையோரம் ஒரு சின்னப் பனிக்கூடம் கட்டினார். அதில்தான் சோலையப்பனுக்கு வேலை. ஆள் கமுதிப் பக்கம், கரிசல் காட்டுக்காரர். மழையையே எப்போதாவதுதான் பார்த்து வளர்ந்தவர். முதலில் ராஸ் அல் கைமாவில் கல்குவாரி. அப்புறம் அங்கேயே சிமெண்டு ஆலை. தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்ததும் காண்டிராக்ட் கம்பெனி அவரைத் தூக்கி இந்தக் குளிரில் போட்டது. இருமலுக்கு மருந்து குளிராம், எந்த மடையன் கண்டுபிடித்தானோ.

வேலை என்னவென்றால் காவல். சறுக்கிக் களைத்தவர்கள் நடுவில் காபி குடிக்க வருவார்கள். கட்டையையும் பலகையையும் காபிக்கடை வாசலில் இருக்கும் கம்பிச் சட்டத்தில் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கட்டை என்றால் காலுக்கு ஒன்றாக ஜோடி. பலகை என்றால் இரண்டு காலுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. கூடம் திறந்த புதிதிலேயே இரண்டு பலகையும் ஒரு ஜோடிக் கட்டையும் காணாமல் போயின. வாடகைச் சாமான் போனால் கம்பெனிக்கு நஷ்டம். சொந்தமாகக் கொண்டுவருகிறவன் சாமான் போனால் சத்தம், சண்டை, போலீஸ். அதனால் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சோலையப்பனை உட்கார வைத்தார்கள். ஏதாவது தொலைந்தால் அவர் தலைதான் உருளும்.

வயர் வைத்த பூட்டு கொடுத்தேன். நல்ல சரக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை அத்தனையையும் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

“என்னய்யா, பூட்டுல பழுதா?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பூட்டை எவனும் குறை சொல்லக் கூடாது.

“பூட்டு நல்ல பூட்டுத்தான் பாய். குளுருல சாவித் தொவாரம் ஐஸ் புடிச்சுக்கிருது. வாயால ஊதி ஊதித் தொறக்க வேண்டியிருக்கு. வெள்ளைக்காரப் பொம்பள பாத்துட்டு, இந்தாளு என்ன பூட்டுக்கு முத்தங் குடுக்குறான்னு சிரிக்குது.”

“அப்ப எப்படித்தான் காவல் காப்பே?”

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பாய், நீங்க பள்ளிவாசலுக்குப் போனா செருப்ப எப்படி விடுவீக?”

“வாசல்ல விடுவேன். திரும்பி வந்தா இருக்கும், இல்லன்னா இருக்காது.”

“அதான். எம் பொண்டாட்டி வீரம்மா ஒரு செருப்பத் தொலைச்சதில்ல. இருக்கங்குடி மாரியம்மன் கோயில்ல அம்புட்டுக் கூட்டத்துலயும் ஒரு செருப்பத் தேங்காக் கடைக்கிட்ட விடுவா, இன்னொண்ண அந்தா தூரத்துல தூணுக்கிட்ட விடுவா. ஒத்தச் செருப்ப எவன் எடுப்பான்? நான் இங்கிருந்து வாங்கிட்டுப் போன செருப்பு பாய், பூப்போட்ட செருப்பு. ‘நீங்க வாங்கியாந்தத எவளுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்’னு சொல்லுவா. நானும் இப்ப அதத்தான் செய்யுறேன். ஜோடியப் பிரிச்சு ஒண்ண இங்கிட்டு, ஒண்ண அங்கிட்டு வச்சுர்றேன். ஒத்தக் கட்டைய எடுத்துட்டுப் போயி எவன் சறுக்கப் போறான்?”

“ஒத்தப் பலகைக்கு என்ன செய்வே?”

“அத என் முதுகுக்குப் பின்னால சாத்தி வச்சு, மேல சாஞ்சு உக்காந்துக்கிருவேன். என்னையத் தூக்கிட்டுத்தான் அத எடுக்கணும்.”

பூட்டு விற்கிறவனிடம் வந்து பூட்டே வேண்டாம் என்கிற ஆளை வேறு யாராவது என்றால் விரட்டியிருப்பேன். இந்த ஆளிடம் முடியவில்லை. சாயா வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தால் கடைக்கு வந்துவிடுவார். வீரம்மாள் புராணம்தான் பேச்சு. வீரம்மாள் ஆடு மேய்த்ததும், ஒற்றை ஆளாக நின்று வீட்டுக்குத் தளம் போட்டதும், கொத்தனாரை ஏசி ஓட்டியதும், கனகாவை டீச்சர் படிப்புக்கு அனுப்பியதும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். கனகா ஒரே பிள்ளை. கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அம்மாவோடு அவர் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. அதை அவர் சொல்லமாட்டார். நான்தான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் கதையும் என் பொண்டாட்டி ஷம்சியா கதையும் அதே லட்சணம்தானே.

அந்தத் தந்திரம் நன்றாகவே வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒரு கட்டையும் போகவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுக் கதவை ஒட்டி, பட்டறை. கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கிற, ஆணி முறுக்குகிற இடம். அங்கே வேலை பார்த்த முத்துராமன் அருப்புக்கோட்டைக்காரர். ஜோடி இல்லாமல் ஒற்றையாகக் கிடக்கிற கட்டை உடைந்த ஜோடியின் மிச்சம், அதை எடுத்துப் பட்டறை இரும்பு அலமாரியில் கழிவுச் சாமானோடு போட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். முதல் நாள் கதவோரம் ஒற்றைக் கட்டையைப் பார்த்ததும் முத்துராமன் கையில் எடுத்திருக்கிறார். எடுத்தவர் சோலையப்பனைத் திரும்பிப் பார்த்து, “என்னண்ணே, கோயில் வாசல்ல செருப்பு விட்ட மாதிரி விட்டிருக்கீக!” என்று சிரித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாராம். ஒரு வார்த்தை விளக்கவேண்டியிருக்கவில்லை. சோலையப்பன் திருப்பித் தந்த என் வயர் பூட்டில் ஒன்றை முத்துராமன் அந்த அலமாரிக்கு வாங்கிக்கொண்டார். பட்டறையில் குளிர் இல்லை, அங்கே பூட்டு ஒழுங்காக வேலை செய்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் முத்துராமன் லீவில் ஊருக்குப் போனார். அவர் இடத்துக்கு ரோமி என்று ஒரு பிலிப்பைன்ஸ் ஆள் வந்தார். அமைதியான ஆள், நல்ல வேலைக்காரர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

அவர் வந்த அந்த வாரமே, வியாழக்கிழமை சாயந்தரம் சோலையப்பன் போன் பண்ணினார். குரலே சரியில்லை.

“பாய், வீரம்மாவுக்கு நெஞ்சுவலி. மதுரையில சேத்திருக்காக. கனகா அழுகுது. டாக்டரு, அப்பாவ ஒடனே வரச் சொல்லுன்னு சொல்லிட்டாராம்.”

“லீவு குடுத்தானுங்களா?”

“குடுத்துட்டாக. நாளைக்கு சாயந்தரம் மெட்ராசுக்கு பிளைட்டு. பாஸ்போர்ட்டு மானேஜர் கையில இருக்கு. வெள்ளிக்கிழம கூட்டம், ஆள் பத்தல, மத்தியானம் வரைக்கும் டூட்டி பாத்துட்டு வாங்கிட்டுப் போன்னு சொல்றாரு.”

“பொண்டாட்டி சாகக் கெடக்குறப்ப என்னய்யா டூட்டி?”

“சாகன்னு சொல்லாதீக பாய்.”

என் நாக்கில் சனி. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. “சரி, நான் ஜும்ஆ முடிச்சுட்டு வண்டியோட வர்றேன். நேரா ஏர்போர்ட்ல கொண்டு விடுறேன். நீ தைரியமா இரு” என்று சொல்லி வைத்தேன்.

சொன்னபடி தொழுகை முடித்து, பிரியாணிகூடச் சாப்பிடாமல் போனேன். அவருடைய பெட்டி வாசலில் செக்யூரிட்டி மேஜைக்குக் கீழே தயாராக இருந்தது. கயிறு போட்டுக் கட்டி, மேலே பெயரும் ஊரும் எழுதியிருந்தது. ஆளைக் காணோம். உள்ளே சத்தம் கேட்டது. தொழுகைக்குப் போட்ட மெல்லிய வெள்ளைச் சட்டையோடு அந்தக் குளிருக்குள் போனேன். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

சோலையப்பன் ஜாக்கெட்டோடு நடுவில் நிற்கிறார். எதிரே மானேஜர். பக்கத்தில் நல்ல உயரமாக ஒரு லெபனான்காரர், கையில் ஒரே ஒரு சறுக்குக்கட்டையைப் பிடித்துக்கொண்டு. அதன் ஜோடியைக் காணோம்.

நடந்தது இதுதான். லெபனான்காரர் சொந்தக் கட்டையோடு வந்திருக்கிறார். காபி குடிக்கப் போகும்போது ஜோடியைச் சோலையப்பனிடம் கொடுத்திருக்கிறார். சோலையப்பன் வழக்கம்போல ஒன்றைச் சட்டத்தில் வைத்தார், இன்னொன்றைக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுக் கதவோரம் வைத்தார். லெபனான்காரர் காபி குடித்துவிட்டு வந்து கேட்டபோது பார்த்தால் சட்டத்தில் இருந்தது இருக்கிறது, கதவோரம் இருந்தது இல்லை.

“அங்கதான் பாய் வச்சேன். அம்மன் மேல ஆணை. இந்தா, இந்த எடத்துல” என்று அந்த இடத்தில் போய் நின்று காலால் தட்டிக் காட்டினார். அவர் முகத்தில் எனக்குப் பயம் தெரியவில்லை. அவசரம்தான் தெரிந்தது. கண் சுவரில் இருந்த கடிகாரத்துக்கும் மானேஜருக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

மானேஜர் ஓட்டல் வேலையில் இருந்து வந்தவர். கோட்டும் டையும் போட்ட மனுஷன், பனியில் ஒருநாளும் சறுக்கியதில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. “ஜோடியாக வாங்கியதை ஏன் பிரித்தாய்? அதிலும் வெளியே போகிற கதவுக்குப் பக்கத்தில் ஏன் கொண்டுபோய் வைத்தாய்? இன்றைக்கே ஊருக்கும் போகிறாய்.”

அட அல்லாவே! காவலுக்குச் செய்தது, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறவனுக்குக் களவு மாதிரியே இருக்கிறது. வெளியே நிற்கிற கூட்டாளி கதவு வழியாக ஒவ்வொன்றாக எடுத்துப் போவதற்கு இவர் ஏற்பாடு செய்து வைத்ததாக மானேஜர் முடிவு கட்டிவிட்டார். கேமராவைப் பார்க்கச் சொன்னேன். கேமரா கல்லாவையும் வாசலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அரபி நன்றாக வரும். லெபனான்காரரிடம் செருப்புக் கதையைச் சொன்னேன். கோயில் கூட்டத்தைச் சொன்னேன், இந்த ஆளின் மனைவி மதுரையில் கிடப்பதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, “எங்கள் மலையிலும் இப்படித்தான் வைப்போம். ஒன்று ஒரு பக்கம், மற்றது வேறு பக்கம். இந்த மனிதன் பொய் சொல்லவில்லை” என்றார். மானேஜரிடம் திரும்பி, “கலாஸ், போதும். எனக்குப் புகார் வேண்டாம். அவரை அனுப்பிவிடுங்கள்” என்றார். அது அவருடைய அப்பா கொடுத்த கட்டையாம். அப்படியும் சொன்னார், பாருங்கள். அந்த மனுஷனை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் மானேஜர் அதற்கு முன்பே போலீசுக்குப் போன் செய்துவிட்டார். புகார் பதிவாகிவிட்டது, இனி விசாரணை முடியாமல் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் என் வேலை போய்விடும் என்றார். நான் என் பாஸ்போர்ட்டை ஜாமீனாக வைத்துக்கொள் என்றேன். கடை லைசென்சையும் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அது காண்டிராக்ட் கம்பெனிக்காரர் சொல்லவேண்டிய விஷயம் என்றார். கம்பெனிக்காரருக்குப் போன் போட்டால், வெள்ளிக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க நாதியில்லை.

அப்போதுதான் சோலையப்பன் பட்டறைப் பக்கம் பார்த்தார். “பாய், புது ஆளு அதக் கழிவுன்னு நெனச்சு அலமாரில போட்டிருப்பாரோ? முத்துராமனுக்குத் தெரியும், தொடமாட்டாரு. இவருக்குத் தெரியாதே.”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரும்பு அலமாரி. இரண்டு கைப்பிடியையும் சேர்த்து என் வயர் பூட்டு. ரோமி டூட்டி முடிந்து போய்விட்டார், சாவி அவரிடம். போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். இந்த ஊரில் லீவு நாள் வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு அன்றுதான் சர்ச்சில் பூசை.

“இது என் கடைப் பூட்டு. வண்டியில கட்டர் இரிக்கி. ஒரு நிமிஷத்துல அறுத்துப் போடுறேன்” என்றேன்.

“தொடாதீர்கள். அது கம்பெனி சொத்து. அதில் உடைந்த சாமான்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் கட்டை அங்கே எப்படிப் போகும்?” என்றார் மானேஜர்.

“அறுத்துப் பாத்தா தெரிஞ்சுரும்ல!”

“போலீஸ் வரும்வரை எதையும் தொடக்கூடாது.”

நான் கத்தினேன். மலையாளத்தில், இந்தியில், அரபியில், எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். லெபனான்காரரும் சொல்லிப் பார்த்தார். செக்யூரிட்டி இரண்டு பேர் வந்து அலமாரி முன்னால் நின்றார்கள். சோலையப்பன் என் கையைப் பிடித்து இழுத்தார். “வேணாம் பாய். பிரச்சன பெருசாயிரும். போலீசு வரட்டும், வந்து தொறக்கச் சொல்லட்டும். இன்னும் நேரம் இருக்கு” என்றார்.

போலீஸ் வந்தது. இளவட்டம், மரியாதையான பையன்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அலமாரியைச் சொன்னேன். சாவிக்காரர் வரட்டும், நாளைக் காலையில் திறந்து பார்க்கலாம், ஒன்றும் அவசரமில்லையே என்றார். அவசரம் என்ன என்று நான் சொன்னபோது அவருக்கும் முகம் வாடியது. ஆனாலும் எழுதியதை அழிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

வெளியே வந்து இருவரும் வண்டியில் உட்கார்ந்தோம். பெட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். பின்சீட்டில் வை என்றாலும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்வாக ஏறிப் போயிற்று. அது அவருடைய விமானமா, வேறு ஏதாவதா, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்துக் கனகாவுக்குப் பேசினார்.

“அம்மாட்டக் குடும்மா... ஏய், நான்தான். நாளைக்கு வந்துருவேன். ஆமா, இன்னைக்கு முடியல. ஒரு சின்ன வேலை வந்துருச்சு. நீ பேசாத, மூச்சு வாங்குது பாரு. வந்துருவேன்னு சொல்றேன்ல...”

சின்ன வேலையாம்.

வீரம்மாள் மறுநாள் விடியலில் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை அந்தச் சேதி வந்தபிறகும் சோலையப்பன் பனிக்கூடத்துக்குத்தான் போயிருக்கிறார். பாஸ்போர்ட் அங்கேதானே இருக்கிறது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அதே சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ரோமி வந்தார், கேட்டதும் சாவியை எடுத்தார், அலமாரியைத் திறந்தார். உடைந்த கட்டைகளுக்கு நடுவில் அந்த ஒற்றைக் கட்டை ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஒற்றையாகக் கிடந்தது, சட்டப்படி எடுத்துப் போட்டேன் என்றார் ரோமி. அவர் செய்ததில் என்ன தப்பு? விஷயம் தெரிந்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். லெபனான்காரர் வந்து சோலையப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். மானேஜர் மட்டும், “நல்லவேளை, கிடைத்துவிட்டது” என்று சொன்னாராம். புகாரை முடித்து, பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அன்று சாயந்தரமே டிக்கெட் போட்டுக் கொடுத்தார்கள். அதில் குறை வைக்கவில்லை. நான்தான் ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டேன்.

காரியம் முடித்துத் திரும்பி வந்தபோது நேராக என் கடைக்கு வந்தார். தலை மொட்டை, கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நான் எழுந்து கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சாயா வந்தது. அவர் குடிக்கவில்லை, டம்ளரைக் கைக்குள் வைத்துச் சூடு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மூஞ்சியப் பாத்தியா சோலை?”

“பாத்தேன் பாய். நான் வர்ற வரைக்கும் ஐஸ் பொட்டியில வச்சிருந்தாக. மேல கண்ணாடி. கையத் தொட விடல, கண்ணாடியத்தான் தொட்டேன். நம்ம ஸ்னோ மாதிரியே சில்லுன்னு இருந்துச்சு. நான் அம்புட்டு நாளும் ஐஸ்ல உக்காந்திருந்தேன், கடேசில அவளையும் அதுக்குள்ளயே கொண்டாந்து வச்சுட்டாக.”

நான் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன். அவர் மேலே சொன்னார்.

“ஆஸ்பத்திரிக்குத் தன் கால்லயே நடந்து போயிருக்கா பாய். ஆட்டோவ விட்டு எறங்கி, கனகா கையக்கூடப் புடிக்காம. வார்டுக்குள்ள செருப்பு போடக்கூடாதுன்னுருக்காக. அந்த வலியிலயும் ஒரு செருப்ப வாசப்படிக்கிட்ட விட்டிருக்கா. இன்னொண்ண எங்கயோ கொண்டுபோயி விட்டிருக்கா. கனகா டோக்கன் வாங்கப் போயிருச்சு, அது பாக்கல. எல்லாம் முடிஞ்சு வெளிய வந்தப்ப ஒத்தச் செருப்புதான் இருந்துச்சாம். அதையும் எடுத்துட்டு வந்து வீட்ல வச்சிருந்துச்சு புள்ள.”

“அந்தப் பூப்போட்ட செருப்பா?”

“அதேதான். பதினாறு முடிஞ்சதும் நான் மதுரைக்குப் போனேன் பாய். எல்லாரும் பைத்தியக்காரன்னாக. வராந்தா, மரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டு, குப்பத்தொட்டி, ஒண்ண விடல. கூட்டுற அம்மாகிட்டக் கேட்டேன். ஒத்தச் செருப்பு கெடந்தா நாங்க தூக்கிப் போட்டுருவோம்யான்னு சொல்லுச்சு. அதச் சொல்லி என்ன செய்ய? இங்க ரோமி மாதிரி அங்க ஒரு அம்மா.”

வெளியே யாரோ பூட்டு கேட்டு வந்தான். இல்லை போ என்று அனுப்பிவிட்டேன். கடை முழுக்கப் பூட்டு தொங்குகிறது, அவன் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே போனான்.

சோலையப்பன் டம்ளரைக் கீழே வைத்தார். “பிரிச்சு வச்சா எவனும் எடுக்கமாட்டான்னு அவ சொல்லுவா பாய். நானும் அதத்தான் நம்புனேன். இருவது வருசமா அவள அங்கிட்டு வச்சு, நான் இங்கிட்டு இருந்தேன். ஒண்ணும் ஆகலையே, பத்திரமாத்தான் இருக்கோம்னு நெனச்சேன். ஒத்தையா இருக்குறத எடுக்குறவனும் ஒருத்தன் இருக்கான் பாய்.”

அப்போதுதான் அவர் அழுதார். பெரிய ஆம்பிளை, என் கடை நடுவில் உட்கார்ந்து, ஜாக்கெட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

அவர் அதற்குப் பிறகு பனிக்கூடத்துக்குப் போகவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ராஸ் அல் கைமாவுக்கே, சிமெண்டுத் தூசிக்கே போய்விட்டார். இருமல் திரும்ப வரும் என்று சொன்னேன், வரட்டும் பாய் என்றார். கனகா கல்யாணம் வரைக்கும் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போனார். பனிக்கூடம் அடுத்த வருஷமே நொடித்து மூடிவிட்டது. இப்போது அங்கே சோபா விற்கிறார்கள்.

என் கடையில் அவர் அழுத அன்றைக்கு, அவரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்ததும் நான் கீழக்கரைக்குப் போன் போட்டேன். ஷம்சியாதான் எடுத்தாள்.

“என்னாங்க, கடை நேரத்துல போனு? ஒடம்புக்கு எதுவுமா?”

“ஒண்ணுமில்ல. உன் செருப்பு எங்க இரிக்கி?”

“செருப்பா? வாசல்ல இரிக்கி. வேற எங்க இரிக்கும்?”

“ரெண்டுமா?”

“யா அல்லாஹ், என்னாச்சு உங்களுக்கு?”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனது கேட்டது. கதவு திறந்தது கேட்டது. நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கு” என்றாள்.

“சரி, உள்ள எடுத்து வை” என்றேன்.